கிடாரங்களுக்கு ஒரு மந்திரி

எழுபத்தெட்டாம் ஆண்டின் தொடக்கத்தில் நாட்டுக்கு நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதி வந்தார். சித்திரை பிறந்து இரண்டு கிழமையில் ஸ்கந்தபுரத்தில் எங்கள் மாதர் சங்கத்துக்குத் தலைவியாக நான் வந்தேன். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். என் கணவரிடம் அப்படிக் கேட்டுத் தப்ப முடியாது.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, குளத்துத் தண்ணீரை நம்பிக் காணி எடுத்த ஒருவரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து ஏழு வருடம். கெட்டிக்காரி என்று யாரும் என்னைத் தலைவியாக்கவில்லை. என் தொண்டைக்காகத்தான் ஆக்கினார்கள். வரம்பில் நின்று நான் பிள்ளைகளைக் கூப்பிட்டால் அடுத்த வாய்க்கால்காரரின் மாடுகளும் திரும்பிப் பார்க்கும் என்று ஊரில் ஒரு கதை இருந்தது. கோபமும் எனக்குத் தொண்டைக்கு ஏற்ற அளவில் இருந்தது.

முந்திய இரண்டு வருடமும் சங்கத்தின் தெரிவுக் கூட்டம் ஒழுங்காக முடிந்ததில்லை. ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், மூன்றாவது ஆள் அழத் தொடங்குவார். கூட்டத்தை நடத்த வந்த கிராம அபிவிருத்தி உத்தியோகத்தருக்கு அந்த முறை பொறுமை தீர்ந்துவிட்டது. அவருக்குக் கிளிநொச்சிக்குத் திரும்பிப் போக பஸ்ஸும் பிடிக்க வேண்டியிருந்தது.

“தலைவியை மட்டும் கை உயர்த்தித் தெரிவு செய்யுங்கோ. மிச்சப் பேரை அவாவே போடட்டும். பேர்ப்பட்டியலை அனுப்பிவிடுங்கோ, நான் கையெழுத்து வைக்கிறன்” என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

நான் வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் கிணற்றடியில் நின்று காலில் ஒட்டிய சேற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பத்திரிகையில் ஒரு வரி விடாமல் படிக்கிற மனிதர் அவர். விளம்பரத்தையும் விடமாட்டார்.

“அப்ப நீர் இனி ஜனாதிபதி” என்றார். “கொழும்பிலயும் இப்ப இதே முறைதான். புது ஜனாதிபதி முதல்ல பிரதமரைப் போடுவார். பிறகு பாராளுமன்றத்தில இருக்கிற ஆக்களுக்குள்ள இருந்து மந்திரிமாரை எடுப்பார். ஆருக்கு எந்த இலாகா எண்டது அவற்ற விருப்பம். வேணுமெண்டால் நாலைஞ்சு இலாகாவைத் தானே வைச்சிருக்கலாம். பிடிக்காட்டில் மாத்தலாம், பறிக்கலாம். ஒவ்வொரு மந்திரிக்கும் கீழ ஒரு செயலாளர். அவரையும் ஜனாதிபதிதான் போடுறது.”

“செயலாளர் என்ன செய்யிறது?”

“வேலை.”

“அப்ப மந்திரி?”

“படம் எடுக்கேக்க முன்னுக்கு நிக்கிறது.”

சிரித்தேன். ஆனால் அடுத்த நாள் காலையிலிருந்தே அவர் சொன்னது விளையாட்டில்லை என்று தெரிந்தது. முதலில் வந்தவர் ஒரு கட்டு முருங்கைக்காயோடு வந்தார். “சும்மா மரத்தில கிடந்தது, பிள்ளை” என்றார். அரை மணித்தியாலம் வெயிலைப் பற்றிக் கதைத்துவிட்டு, எழும்பும்போதுதான் தையல் வகுப்புக்கு யார் பொறுப்பு என்று கேட்டார். பிறகு ஒரு சட்டி தயிர் வந்தது. அதற்குப் பிறகு ஒரு பூசணிக்காய் வந்தது. ஒருவர் தனக்குப் பதவியே வேண்டாம் என்றார். பக்கத்து வீட்டுக்காரிக்கும் வேண்டாம் என்பதைச் சொல்லத்தான் வந்திருந்தார். ஒரு கிழமை முழுக்க நாங்கள் மரக்கறி வாங்கவில்லை. இப்படியே போனால் நெல் விதைக்கத் தேவையில்லை, மந்திரிசபையை மெல்ல மெல்ல அமைத்துக்கொண்டே இருக்கலாம் என்றார் என் கணவர்.

சங்கத்தில் பதவிகள் குறைவு, ஆசைப்பட்டவர்கள் அதிகம். அதனால் நான் இலாகாக்களைப் பிரித்தேன். பாலர் பாடசாலைக்கு ஒருவர், தையலுக்கு ஒருவர், கூட்டத்துக்கு விரிக்கும் பாய்களுக்கு ஒருவர், பெற்றோல்மக்ஸ் விளக்குக்கு ஒருவர். முருங்கைக்காய்க்காரிக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. கணவர் சொல்லித்தந்தபடி அவரை இலாகா இல்லாத மந்திரி ஆக்கினேன். அவருக்கு அது மெத்தப் பிடித்துப்போயிற்று. வேலை இல்லாமல் கூட்டத்தில் முன்வரிசையில் இருக்கிற பதவி அது ஒன்றுதானே.

பழைய செயலாளர்தான் பெரிய சிக்கல். குடியேற்றத்தில் முதல் வீடு கட்டிய குடும்பம் அவருடையது. நல்ல எழுத்து, நல்ல சேலை. அவர் எழுதினால் அரசாங்கக் கந்தோரிலிருந்து பதில் வரும், நாங்கள் எழுதினால் வராது. எல்லோரும் அவரைச் செயலாளர் அக்கா என்றே கூப்பிடுவோம். தலைவிப் பதவி தனக்கு வரும் என்று நினைத்திருந்தவர், என்னிடம் ஒரு பிஞ்சுக் கத்தரிக்காய் கூடக் கொண்டுவரவில்லை.

“அவவை வெளியில விட்டால் எதிர்க்கட்சி. உள்ளுக்கு வைச்சிரும்” என்றார் என் கணவர். செயலாளராகவே வைத்தேன்.

சங்கத்துக்கு இரண்டு பித்தளைக் கிடாரங்கள் இருந்தன. பெரியதில் இருநூறு பேருக்குச் சோறு வேகும். குடியேற்றத்தில் எந்த வீட்டில் கலியாணம், சாமத்தியச் சடங்கு, செத்தவருக்கு அந்தியேட்டி என்றாலும் அந்த இரண்டும் வந்து இறங்கினால்தான் சமையல். கிடாரங்களின் காதுகளுக்குள்ளே சங்கிலி ஓட்டிப் பூட்டி, செயலாளர் அக்கா வீட்டு மாட்டுக்கொட்டில் மூலையில் வைத்திருந்தார்கள். பூட்டின் திறப்பு அவருடைய சேலைத் தலைப்பில் முடிந்திருக்கும். நாட்டில் பாதுகாப்பு அமைச்சு எப்படியோ, எங்கள் சங்கத்தில் அந்தத் திறப்பு அப்படி. அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அது அவரிடம்தான் இருக்கும் என்று எல்லோரையும் போல நானும் நினைத்திருந்தேன்.

பட்டியல் முடிகிற நேரத்தில் ஒரு பின்னேரம் ஏழாம் வாய்க்கால் அக்கா வந்தார். எழுபத்து நாலாம் ஆண்டுப் பஞ்சத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களை விட்டு வந்த குடும்பங்கள் ஏழாம் வாய்க்காலுக்கு அப்பால் காடு வெட்டிக் குடியிருந்தன. அவரும் அங்கேதான். புருஷன் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகள், எங்கள் வயல்களில் நாற்று நடுகிறவர். சங்கத்தில் மூன்று வருடமாக அங்கத்தவர். கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை.

“தலைவியம்மா, எனக்குப் பதவி ஒன்னும் வேணாம்” என்றார். “சின்ன மகளுக்கு ஆவணியில கல்யாணம். சங்கத்துக் கிடாரம் ரெண்டும் வேணும். பெரியவ கல்யாணத்துக்குக் கேட்டேன், ஈயம் பூசக் குடுத்திருக்குன்னாங்க. மண்ணெண்ணெய் டின்னுல சோறு வடிச்சோம். ரெண்டாவது பந்திக்கு வேகலை. மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க பாதிப் பேர் எந்திரிச்சுப் போயிட்டாங்க. இவளுக்கும் அப்படி ஆயிடக்கூடாதும்மா.”

அவர் அழவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். நான் விசாரித்துப் பார்த்தேன். ஏழாம் வாய்க்கால் பக்கத்திலிருந்து யார் கேட்டாலும் கிடாரங்கள் ஈயம் பூசத்தான் போயிருந்தன. மூன்று வருடத்தில் அவர்களுக்காக அவை ஒன்பது தரம் ஈயம் பூசப்பட்டிருக்கின்றன. எங்களுடைய வீடுகளுக்காக ஒரு தரமும் இல்லை. என் மகனின் ஆண்டு நிறைவுக்கு நான் சொன்ன நாளிலேயே அவை வந்து இறங்கியிருந்தன. அப்போது எனக்கு இது எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை.

எனக்குத் தலைக்கேறியது. அறிவாளியாக இருந்து யோசித்து நியமித்தேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். உண்மையில் கோபத்தில்தான் நியமித்தேன். பட்டியலின் அடியில் ‘கிடாரங்களுக்குப் பொறுப்பு’ என்று எழுதி, நேராக ஏழாம் வாய்க்கால் அக்காவின் பெயரைப் போட்டேன்.

கூட்டத்தில் அதை வாசித்தேன்.

“அவையளின்ர வீட்டில இருந்த கிடாரத்தை நாங்கள் எங்கட குசினிக்கு எடுக்கிறதோ?” என்று செயலாளர் அக்கா மெதுவாகக் கேட்டார். அவர் ஒருநாளும் சத்தமாகக் கதைக்கமாட்டார்.

“அவையள் நட்ட நெல்லைத்தானே, அக்கா, அந்தக் கிடாரத்தில போட்டு அவிக்கிறியள்” என்றேன். நான் சத்தமாகத்தான் சொன்னேன்.

பதினொரு பேர் எழும்பிப் போனார்கள். பிறகு எட்டுப் பேர் திரும்பி வந்தார்கள், பதவிகளை விட்டுவிட்டுப் போயிருந்தது அவர்களுக்கு வழியில்தான் நினைவு வந்திருக்கிறது. செயலாளர் அக்கா எழும்பவே இல்லை. திறப்பை முடிச்சவிழ்த்து மேசையில் வைத்துவிட்டு, நடந்ததை ஒரு சொல் பிசகாமல் கூட்டக் குறிப்பில் எழுதினார். அந்த விஷயத்தில் அவரை மெச்சத்தான் வேண்டும்.

ஏழாம் வாய்க்கால் அக்கா முதல் வேலையாக ஒரு கொப்பி வாங்கினார். முன்பு கிடாரத்துக்குக் கொப்பி கிடையாது. யாருக்கு எந்த நாள் என்பது செயலாளர் அக்காவின் மனதுக்குள் இருக்கும். இவர், கேட்டு வருகிறவர் யாரானாலும் நாளையும் பெயரையும் எழுதி, கீழே கையெழுத்து வாங்கினார். கையெழுத்துத் தெரியாதவர் விரல் அடையாளம் வைத்தார். எதற்கு இவ்வளவு என்று ஒருமுறை கேட்டேன்.

“தோட்டத்துல பேரு விழணும்மா” என்றார். “காலையில பேரு போட விட்டுட்டா, நாள் பூரா கொழுந்து எடுத்தாலும் நீ வேலைக்கு வரலைன்னுடுவாங்க. கொப்பியில இல்லாதது நடக்கவே இல்லை.”

ஆடி மாதம் எங்கள் பாலர் பாடசாலைக் கட்டிடம் முடிந்தது. திறந்துவைக்க யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வர ஒப்புக்கொண்டார். செயலாளர் அக்கா எழுதிய கடிதம் அப்படி. எந்த நாள் வசதி என்று அவர் கேட்டு எழுதியபோது, நான் பஞ்சாங்கத்தை விரித்து, ஆவணியில் அதைவிட நல்ல நாள் இல்லை என்கிற ஒரு நாளைப் பொறுக்கி எடுத்து அனுப்பினேன். வருகிறவர்களுக்கும் ஊருக்கும் மத்தியானச் சாப்பாடு என்றும் சொல்லிவிட்டோம்.

பஞ்சாங்கம் என்னிடம் மட்டும் இருக்கிற புத்தகம் இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. ஏழாம் வாய்க்கால் அக்காவின் சம்பந்தி வீட்டாரும் அதே பஞ்சாங்கத்தைத்தான் பார்த்து, அதே நாளைத்தான் எடுத்திருந்தார்கள். கொப்பியில் அந்த நாளுக்கு நேரே மூன்று மாதத்துக்கு முன்பே அவருடைய பெயர் இருந்தது. நானே உண்டாக்கிய இலாகா, அதன் கொப்பியை நான் ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை.

நான்கு நாள் இருக்கும்போதுதான் தெரிய வந்தது. மந்திரிசபை அவசரமாகக் கூடியது. அதிகாரிக்கு நாளை மாற்றி எழுத முடியாது. இருநூறு பேருக்கு வேறு பாத்திரமும் இல்லை.

“நீங்கள் போட்ட ஆள். நீங்களே எடுங்கோ” என்றார் செயலாளர் அக்கா. முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை, அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. இலாகா இல்லாத மந்திரியும் தலையாட்டினார். பறிக்கலாம் என்று கணவர் பத்திரிகையில் படித்துச் சொன்னதும் என் காதுக்குள் இருந்தது.

அடுத்த நாள் வெயிலுக்குள் சைக்கிளில் வாய்க்கால் கரையோடு போனேன். போகும்போதே நியாயங்களை அடுக்கிக்கொண்டேன். ஊருக்குப் பொதுவான காரியம். பெரிய மனிதர் வருகிறார். கலியாணத்துக்கு வேறு ஏதாவது செய்து கொடுக்கலாம். ‘வேறு ஏதாவது’ என்றால் மண்ணெண்ணெய் டின் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே போனேன்.

முற்றத்தில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு கிடாரங்களும் புளி போட்டு மினுக்கி, கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. கலியாணப் பெண் என்னைக் கண்டதும் ஓடிப்போய்க் கதிரை எடுத்து வந்தாள். நான் அதில் உட்காரவில்லை.

“அக்கா, திறப்பைத் தாங்கோ. கிடாரம் சங்கத்துக்கு வேணும். ஞாயித்துக்கிழமை விழா, உங்களுக்குத் தெரியுந்தானே.”

அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். பிறகு உள்ளே போய்த் திறப்பையும் கொப்பியையும் ஒரு பேனாவையும் கொண்டுவந்தார்.

“தர்றேன்மா. நீங்க போட்ட வேலை, நீங்க கேட்டா நான் எப்படி இல்லைங்கிறது? ஆனா என் பேர நான் வெட்ட மாட்டேன். நீங்களே வெட்டுங்க. பக்கத்துல ஒரு வரி எழுதுங்க, இந்த வீட்டுக் கல்யாணத்துக்குக் குடுத்தத தலைவி திருப்பி எடுத்துக்கிட்டாங்கன்னு. கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துக்கிட்டுப் போங்க.”

பேனாவை வாங்கினேன். கொப்பியைக் கவிழ்த்த கிடாரத்தின் மேல் வைத்து, பேனாவின் மூடியைக் கழற்றவும் செய்தேன். பந்தல் போட்டவர்கள் கயிறு கட்டுவதை நிறுத்திவிட்டார்கள். ‘தலைவி’ என்று எழுதுவதற்கு ‘த’ போட்டிருப்பேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. கோபத்தில் எனக்கு எதையும் சொல்ல முடியும், எழுத முடியாது என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

“அப்ப வாற பெரிய மனுசனுக்கு நான் எங்க சாப்பாடு குடுக்கிறது?” என்று அவரிடமே கத்தினேன்.

“இங்கதான்” என்றார். “கல்யாண வீட்டுக்கு வர்றவங்கள யாராவது வேணாம்பாங்களா? உங்க வீட்டு அரிசியையும் கொண்டாந்து இதுலேயே போடுங்க. பெரிய கிடாரம் பாதிதான் நிறைஞ்சிருக்கும்.”

கதிரையில் அப்போதுதான் உட்கார்ந்தேன். இஞ்சி போட்ட தேநீர் தந்தார், குடித்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அதிகாரி ஆனையிறவு தாண்டி ஸ்கந்தபுரம் வர மத்தியானமாகிவிட்டது. பசியோடு நாடாவை வெட்டினார். பேச்சை இரண்டு வசனத்தில் முடித்தார். சாப்பாடு கொஞ்சத் தூரத்தில் என்று நான் சொன்னதும், ஜீப்பை விட்டுவிட்டு வாய்க்கால் கரையில் எங்களோடு நடக்கத் தொடங்கிவிட்டார். அவருக்குப் பின்னால் முழு மந்திரிசபையும் வரிசையாக நடந்தது. அன்று எழும்பிப் போய்த் திரும்பி வராமல், ஏழாம் வாய்க்காலைத் தாண்டமாட்டோம் என்றிருந்த மூன்று பேரும் அந்த வரிசையில் இருந்தார்கள். பெரிய மனிதர் முன்னால் நடக்கும்போது யார்தான் திரும்பிப் போவார்கள்.

தாலி கட்டி முடிந்து முதல் பந்தி எழும்பிக்கொண்டிருந்தது. அதிகாரி பாயில் சப்பணம் கட்டி இருந்து, பருப்பை மூன்று தரம் கேட்டு வாங்கினார். “சங்கத்தின்ர சாப்பாடோ?” என்று கேட்டார்.

“கல்யாணச் சாப்பாடுங்க. கிடாரந்தான் சங்கத்தோடது” என்றார் ஏழாம் வாய்க்கால் அக்கா.

செயலாளர் அக்கா பந்தியில் இருக்கவில்லை. குடையோடு பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு கட்டத்தில் சோறு போடுகிற பையன் திணறுவதைப் பார்த்துப் பொறுக்காமல், குடையை என்னிடம் தந்துவிட்டு அகப்பையை வாங்கினார். இரண்டாம் பந்தி, மூன்றாம் பந்தி, நாலாம் பந்தி என்று வேர்த்து வடிய அவர்தான் போட்டார். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரும் சோறு இல்லாமல் எழும்பவில்லை. பின்னேரம் நான் குசினிப் பக்கம் போனபோது, அவரும் ஏழாம் வாய்க்கால் அக்காவும் கிடாரத்துக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் செயலாளர் அக்கா, “புளி கொஞ்சம் கூடிப்போச்சு” என்றார். நான் குடையைக் கொடுத்தேன்.

அடுத்த சித்திரையில் நானும் செயலாளர் அக்காவும் தலைவிப் பதவிக்குப் போட்டியிட்டோம். பாலர் பாடசாலை கட்டியவள் நான், திறப்பைக் கை மாற்றியவள் நான். ஏழாம் வாய்க்கால் பக்கமே எனக்குத்தான் என்று கணக்குப் போட்டிருந்தேன். மூன்று வாக்கால் தோற்றேன். கை உயர்த்தும்போது நான் முன்னால் இருந்தபடியால் பின்னால் யார் யார் என்று பார்க்கவில்லை.

புதுத் தலைவி தன் மந்திரிசபையை அந்த இடத்திலேயே வாசித்தார். நான் போட்ட எல்லோரையும் மாற்றினார். இலாகா இல்லாத மந்திரிக்கும் வேலை கொடுத்தார், பாவம். கடைசியாக, “கிடாரம் இருக்கிற இடத்திலயே இருக்கட்டும்” என்றார். ஒருவரும் எழும்பிப் போகவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஏழாம் வாய்க்கால் அக்கா என்னோடு கூட நடந்தார். அவராகவே சொன்னார்.

“நான் உங்களுக்குக் கை தூக்கலைம்மா.”

“ஏன் அக்கா? உங்களுக்கு அந்தத் திறப்பைத் தந்ததே நான்தானே.”

“ஆமா. திருப்பிக் கேட்டு வந்ததும் நீங்கதான்” என்றார். “பேனா உங்க கையில கொஞ்ச நேரம் இருந்துச்சு. அவ்வளவு நேரமும் என் மக உங்களையே பாத்துக்கிட்டு நின்னா. ஒரு வருசம் சும்மா இருங்க. அடுத்த தடவை பாப்போம்.”

தோட்டங்களிலிருந்து வந்த பலரையும் போல அவருக்கும் அப்போது பிரஜாவுரிமை இருக்கவில்லை. விண்ணப்பம் எங்கோ ஒரு கந்தோரில் கிடந்தது. ஜனாதிபதிக்கோ பாராளுமன்றத்துக்கோ அவர் ஒருநாளும் வாக்குப் போட்டதில்லை. இந்த நாட்டில் அவருக்கென்று இருந்தது எங்கள் சங்கத்துக் கூட்டத்தில் உயர்த்துகிற அந்த ஒரு கை மட்டும்தான். அதை அவர் எனக்கு எதிராக உயர்த்தியிருந்தார்.

வீடு வரும்வரை எனக்குக் கோபம் இருந்தது. படலையைத் திறக்கும்போது சிரிப்பு வந்துவிட்டது. தோற்றுவிட்டு ஏன் சிரிக்கிறீர் என்று என் கணவர் கேட்டார். நான் போட்ட ஆட்களில் ஓராளாவது சரியான ஆள் என்றேன்.